மூன்று நிமிடம் நாற்பது விநாடி

பிப்ரவரி 3

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. என் உடல்நிலையில் குறையொன்றும் இல்லை. இரத்த அழுத்தம் சீராக இருப்பதால் மருத்துவர் பழைய மாத்திரையையே தொடரச் சொல்லியிருக்கிறார். நீயும் மாப்பிள்ளையும் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன்.

தொலைபேசியில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். தொலைபேசியில் நீ அழுகிறாய். அப்போது நான் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரிவதில்லை.

தம்பி இறந்து இன்றோடு ஆறு மாதம். அவன் அறையைக் காலி செய்து சாவியை ஒப்படைத்துவிட்டேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் அவன் வில்லை தேய்த்த இயந்திரத்தின் முன் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். செய்ய வேண்டியவை அனைத்தும் செய்யப்பட்டுவிட்டன.

இப்போது எழுதக் காரணம் வேறு. எடை, அளவு முத்திரை அலுவலகத்தில் என் வேலை முடிந்தபின், மாலையில் நான் சமூகத் திரைப்பட விழாவின் செயலாளராக இருப்பது உனக்குத் தெரியும். பெரிய திரைகளில் இடம் கிடைக்காதவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எடுத்த படங்களை மட்டுமே ஏற்கும் விழா அது. துப்புரவுப் பணியாளர்கள், வீட்டு வேலை செய்வோர், சிறையிலிருந்து திரும்பியோர் என்று பலர் அனுப்புகிறார்கள். இவ்வருடம் ஜூன் 13 அன்று விழா.

முப்பத்தோராவதாக வந்த படம் காது கேளாதோர் சங்கத்தினுடையது. பதினெட்டு நிமிடம். ஆறு பேர், ஒருவர்பின் ஒருவராக ஒரு சாப்பாட்டு மேசைமுன் அமர்ந்து, தம் வீட்டில் சாப்பாட்டு நேரம் எப்படி இருந்தது என்பதைச் சைகையில் சொல்கிறார்கள். நான்காமவன் நம் தம்பி. மூன்று நிமிடம் நாற்பது விநாடி பேசுகிறான். சென்ற ஜூலையில் எடுத்திருக்கிறார்கள்.

மற்ற ஐவருக்கும் சப்டைட்டில் உண்டு. அவனுக்கு இல்லை. விழாவின் ஏழாம் விதிப்படி படம் முழுவதற்கும் சப்டைட்டில் இருந்தாக வேண்டும். பன்னிரண்டாம் விதிப்படி, படத்தில் தோன்றுபவர் இறந்திருந்தால் நெருங்கிய உறவினர் ஒப்புதல் தர வேண்டும். செயலாளனும் நான், உறவினனும் நான். இரு இடத்திலும் ஒருவரே கையொப்பமிடலாமா என்று விதிகளைப் புரட்டினேன். விதிகள் மௌனமாக இருக்கின்றன. எழுதியவன் நானே.

எனக்கு அவனுடைய மொழி தெரியாது. உனக்குத் தெரியும். படத்தின் பிரதி அனுப்பினால், அவன் சொல்வதை எழுதித் தருவாயா? ஏப்ரல் 30 அன்று குழு முடிவெடுக்கும். என்ன சொல்கிறான் என்று தெரியாமல் நான் ஒப்புதல் தர முடியாது.

அண்ணன்

*

பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம். டயாலிசிஸ் பிரிவில் ஒரு நர்ஸ் விடுப்பில் போயிருப்பதால் அவள் படுக்கைகளும் என் தலையில். மாலையில் கால் வீங்கிவிடுகிறது, வேறொன்றுமில்லை. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே மூன்று முறை படித்தேன். தம்பி அசைகிறானா அண்ணா? சிரிக்கிறானா? நீங்கள் விநாடியை எழுதியிருக்கிறீர்கள், அவன் என்ன சட்டை போட்டிருக்கிறான் என்று எழுதவில்லை.

அனுப்புங்கள். இவரும் பார்க்க வேண்டும் என்கிறார். “உங்க அண்ணன் அழுதாரா, இல்லையா?” என்று இன்றும் கேட்டார். “அவர் ரசீது கேட்டிருப்பார்” என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் தங்கை

*

பிப்ரவரி 27

அன்புள்ள தங்கைக்கு,

நலம். கால் வீக்கத்தை அலட்சியம் செய்யாதே. படுக்கும்போது தலையணை வைத்து உயர்த்து. படத்தின் பிரதி இத்துடன் இருக்கிறது.

நீல நிறச் சட்டை, முழங்கை வரை மடித்தது. இரண்டு இடங்களில் சிரிக்கிறான். மாப்பிள்ளையின் கேள்விக்குப் பதில்: அழவில்லை. அழுகையை அடக்கவும் இல்லை. வரவில்லை, அவ்வளவே.

நேற்று சங்கத்தின் தலைவியை நேரில் வரவழைத்துப் பேசினேன். தையல் கடை வைத்திருக்கிறார். அவருக்கும் காது கேளாது. காது கேட்கும் மகள் உடன் வந்து இருபுறமும் சொன்னாள். தலைவி உள்ளே நுழைந்ததும் என்னைக் காட்டி மகளிடம் ஒரு சைகை செய்தார். நான் ஏழாம் விதியை வாசித்துக் காட்டினேன். அவர் நீண்ட பதில் சொன்னார். மகள் தயங்கினாள்.

“அம்மா சொல்றதை அப்படியே சொல்லணுமா சார், இல்ல கொஞ்சம் மரியாதை சேர்த்துச் சொல்லட்டுமா?”

“அப்படியே சொல்லம்மா.”

“இந்த விதியை யாருக்காகப் போட்டீங்கன்னு கேக்கறாங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னாங்க, அதை மட்டும் விட்டுடறேன்.”

“காது கேளாதவர்களுக்காகத்தான்.”

“எங்களுக்கு அந்த இடம் நல்லாவே புரியுதே, அப்புறம் யாருக்கு என்ன குறைங்கறாங்க.”

தம்பியின் பகுதிக்கு மட்டும் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். சங்கத்துக்கும் ஒரு விதி உண்டாம். “பேசினவர் எழுத்தைப் பார்த்து, சரின்னு தலையாட்டினாத்தான் திரையில போடுவோம். அவர் பார்க்கறதுக்குள்ள போயிட்டார். இனிமே யார் எழுதினாலும் அது எழுதினவர் பேச்சு, அவர் பேச்சு இல்ல.”

நன்கு அமைந்த விதி. என்னால் அதில் குறை காண முடியவில்லை. ஆயினும் எங்கள் விதி எங்கள் விதிதானே.

ஒரு குறிப்பு. படத்தில் தம்பி இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டி உடனே அவிழ்க்கிறான். பதினொரு முறை. தலைவி என்னைக் காட்டிச் செய்ததும் அதே சைகை. பொருள் என்னவென்று மகளைக் கேட்டேன். “அது ஒரு பேரு சார்” என்றாள், மேலே சொல்லவில்லை. நீ சொல்.

அண்ணன்

*

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். இங்கே எல்லோருக்கும் மாறி மாறிக் காய்ச்சல், இப்போது தேவலை. உங்கள் மாத்திரை தீரும்முன் வாங்கி வையுங்கள்.

படம் வந்தது. பார்த்தோம். தம்பி இளைத்திருக்கிறான், ஆனால் களையாக இருக்கிறான். இவர் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார்.

ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை அண்ணா. சாப்பாட்டைப் பற்றித்தான் சொல்கிறான். நம் பழைய வீடு, பள்ளிக்கூடம், அந்த மாதிரி. நீங்கள் ஒப்புதல் தரலாம்.

மகளுக்குத் தேர்வு நெருங்குகிறது. வெயிலில் அலையாதீர்கள்.

உங்கள் தங்கை

*

ஏப்ரல் 11

அன்புள்ள தங்கைக்கு,

காய்ச்சல் தணிந்தது அறிந்து ஆறுதல். மாத்திரை ஜூன் வரை இருப்பில் இருக்கிறது.

உன் கடிதம் நான் கேட்டதற்குப் பதிலாக இல்லை. “அந்த மாதிரி” என்பதற்கு நான் கையொப்பமிட இயலாது.

இதற்கிடையில் நான் செய்ததையும் தெரிவித்துவிடுகிறேன். மார்ச் 20 அன்று சங்கத்துக்கு அலுவல்முறைக் கடிதம் அனுப்பினேன்: ஏழாம் விதிக்கு ஒவ்வாத மூன்று நிமிடம் நாற்பது விநாடிப் பகுதியை நீக்கிவிட்டுப் படத்தை மீண்டும் அனுப்பலாம் என்று. வேறு எந்தப் படத்துக்கும் இதையேதான் எழுதியிருப்பேன். நம் வீட்டு ஆள் என்பதற்காக விதியை வளைத்தால் மற்ற முப்பது பேருக்கும் நான் என்ன பதில் சொல்வது? அனுப்பிவிட்டு அலுவலகம் போனேன். அன்று சந்தையில் பதினாறு தராசுகளைச் சோதித்து முத்திரையிட்டேன். ஒன்றிலும் பிழையில்லை.

தலைவி நேரில் வந்தார். மகளைப் பேசவிடவில்லை; தாமே ஒரு தாளில் எழுதி என் மேசையில் வைத்தார். “ஐந்து பேரை உட்கார வைத்து ஒருவரை எழுப்பிவிடும் மேசை எங்களிடம் இல்லை. ஆறு பேரும் வருவோம், அல்லது யாரும் வரமாட்டோம்.” வாசலில் மகள் மட்டும் திரும்பிப் பார்த்து, “சார், அம்மா உங்களை வையல. அதான் எனக்குப் பயமா இருக்கு” என்றாள்.

ஆகவே இப்போது கேள்வி தம்பியின் பகுதி மட்டும் அன்று. முழுப் படமுமே வெளியேறிவிடும். முப்பதாம் தேதிக்கு இன்னும் பத்தொன்பது நாள். சொல்லுக்குச் சொல் எழுதி அனுப்பு. என்னைப் பற்றி ஏதேனும் இருந்தாலும் அனுப்பு.

அண்ணன்

*

ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தான். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். இதைச் சாப்பிட்ட பிறகு படியுங்கள்.

அந்தச் சைகை நீங்கள்தான். காது கேளாதவர்கள் எழுத்துக்கூட்டிப் பெயர் சொல்வதில்லை. ஆளுக்கொரு சைகைப்பெயர் வைப்பார்கள். கையைக் கட்டிக் காட்டினால் அது அண்ணன். எட்டு வயதில் அவன் வைத்தது. சங்கத்தில் எல்லோருக்கும் உங்களை அந்தப் பெயரில்தான் தெரியும். பதினொரு முறையும் நீங்கள்தான்.

அவன் சொல்வது இது:

“எங்க வீட்டு மேசையில கை பேசக்கூடாது. கையால பேச விட்டா இவனுக்கு வாய்ப்பேச்சு வராதுன்னு டீச்சர் சொல்லியிருந்தாங்க. அம்மா சில நாள் மறந்துடுவாங்க. அண்ணன் மறக்கவே மாட்டார். அவருக்குப் பதினாலு வயசு. அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். நான் கையைத் தூக்கினா, தன் தட்டைத் தள்ளி வெச்சுட்டுக் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துடுவார். நான் கட்டினாத்தான் அவர் சாப்பிடுவார். ஒருநாள் பாத்துடலாம்னு நான் கட்டல. அவர் சாப்பிடாமலே பள்ளிக்கூடம் போனார். அடுத்த நாள்லேருந்து நானே கட்டிக்கிட்டேன். அவர் பட்டினி கிடக்கிறது எனக்குப் பிடிக்கல.

“வாய்ப்பேச்சு வந்துதான்னு கேக்கறீங்களா? வந்துது. எட்டு வார்த்தை. அதுல ஒண்ணு ‘போதும்’. சோறு போதும்னு சொல்லப் பத்து வருஷம் படிச்ச ஒரே ஆள் நான்தான்.

“அண்ணன் எனக்குச் சீட்டு எழுதுவார். முப்பது வருஷச் சீட்டும் வெச்சிருக்கேன். தேதி இருக்கும், கமா இருக்கும். மழை வரும், குடை எடுத்துக்கொள். படிவத்தில் மூன்றாம் இடத்தில் கையொப்பமிடு. அவர் சொன்னபடி மழையும் வரும். நல்லவர்தான். எப்படி இருக்கேன்னு கேட்டு ஒரு சீட்டுகூட இல்ல.

“கோபமில்லதானேன்னு படம் எடுக்கற இவங்க கேக்கறாங்க. இருக்கு. நல்லாவே இருக்கு. தட்டு முன்னாடி உக்காந்தா இன்னிக்கும் வருது.”

அவ்வளவுதான் அண்ணா. ஒன்றரை மாதம் கையில் வைத்திருந்தேன். நீங்கள் தனியாக இருக்கிறீர்கள், எப்படி அனுப்புவது என்று இருந்தேன்.

டீச்சர் சொன்னதைத்தானே நீங்கள் செய்தீர்கள். உங்களுக்கும் பதினான்கு வயதுதானே.

தங்கை

*

மே 2

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் கடிதம் 29ஆம் தேதி காலை கிடைத்தது. நீ சொன்னபடி சாப்பிட்ட பிறகு படித்தேன்.

அந்தச் சீட்டுகள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. அறையைக் காலி செய்தபோது பழைய தாள் என்று எடைக்குப் போட்டுவிட்டேன். நான்கு கிலோ எழுநூறு கிராம். கடைக்காரரின் தராசில் முத்திரை நடப்பில் இருக்கிறதா என்று பார்த்தேன். தாள்களைப் பார்க்கவில்லை.

குழு கூடியது. இறந்தவர் என் தம்பி என்பதை முதலிலேயே அறிவித்தேன். ஏழாம் விதிக்கு ஓர் உட்பிரிவை முன்மொழிந்தேன்: பேசியவரின் ஒப்புதலைப் பெற வழியில்லாத பகுதிக்கு சப்டைட்டில் கட்டாயமன்று. வாக்கெடுப்பின்போது வெளியே நடைபாதையில் நின்றேன். நால்வர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. படம் முழுமையாகத் திரையிடப்படும். ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டேன். “உறவு” என்ற கட்டத்தில் அண்ணன் என்று எழுதினேன். எதுவும் தோன்றவில்லை. மரத்துப்போன பல்லில் நாக்கு படுவதுபோல் இருந்தது.

ஒன்று கேட்க வேண்டும். உன் கடிதத்தை வைத்துக்கொண்டு படத்தை மீண்டும் ஓட்டினேன். கைகட்டும் இடங்களை வைத்துப் பொருத்திப் பார்த்தால், மூன்றாம் நிமிடத்தோடு நீ எழுதியது முடிந்துவிடுகிறது. மீதி நாற்பது விநாடிகளில் அவன் ஒரு கையை மேசைக்குக் கீழே கொண்டுபோய், பிறகு மேலே எடுத்துக் காட்டுகிறான். உன் கடிதத்தில் மேசைக்குக் கீழே எதுவும் இல்லை.

எனக்காக எதையும் மறைக்க வேண்டியதில்லை.

அண்ணன்

*

மே 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே மூவரும் சுகம். மகள் தேர்வு நன்றாக எழுதியிருக்கிறாள்.

நீங்கள் எதையும் அளந்துதான் பார்ப்பீர்கள். அந்த நாற்பது விநாடியில் புதிதாக ஒன்றும் இல்லை. சொன்னதையே திரும்பச் சொல்கிறான்.

விழாவுக்கு வர முடியாது. ஜூன் முழுவதும் எனக்கு விடுப்பு இல்லை. நீங்கள் போய் உட்காருங்கள், போதும்.

தங்கை

*

ஜூன் 16

அன்புள்ள தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன். உன் கால் வீக்கம் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லை.

விழா நடந்து முடிந்தது. நானூறு இருக்கைகளும் நிறைந்தன. முதல் மூன்று வரிசைகளைச் சங்கத்தார் பிடித்துக்கொண்டார்கள். படம் தொடங்கும்வரை அங்கே கைகள் ஓயவில்லை. சத்தமில்லாமல் அவ்வளவு இரைச்சலை நான் பார்த்ததில்லை.

தம்பியின் முகம் திரையில் வந்தது. எழுத்து நின்றது. பின்வரிசைகளில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்; இயந்திரக் கோளாறு என்று ஒருவர் எழுந்து வந்து என்னிடம் புகார் சொன்னார். அப்போது முன்வரிசை முழுவதும் குலுங்கிச் சிரித்தது. எட்டு வார்த்தை என்ற இடமாக இருக்க வேண்டும். நான் சிரிக்கவில்லை. எங்கே சிரிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தும் சிரிக்கவில்லை.

படம் முடிந்ததும் கேள்வி நேரம். பின்வரிசையில் ஒரு பெண்மணி எழுந்து, “அந்த நாலாவது ஆள் என்னதான் சொன்னாரு? எங்களுக்கும் சொல்லுங்களேன்” என்றார். தலைவி மேடையிலிருந்து என்னைக் கைகாட்டினார். “அவரோட அண்ணன் இங்கதான் இருக்கார், விருப்பப்பட்டா அவர் சொல்லட்டும்னு அம்மா சொல்றாங்க” என்றாள் மகள். ஒலிவாங்கி என் கைக்கு வந்தது.

தாளில் நீ எழுதியது முழுவதும் எனக்கு மனப்பாடம். நான் சொன்னது இது: “பேசியவர் பார்த்து ஒப்புக்கொள்ளாத சொற்களை அவர் பெயரில் யாரும் சொல்லக்கூடாது என்பது சங்கத்தின் விதி. அதை நான் மதிக்கிறேன்.”

அரங்கம் கைதட்டியது. நெடுநேரம் தட்டினார்கள். தலைவி தட்டவில்லை. கூட்டம் கலைந்தபின் என் அருகில் வந்து சிறிதாக ஏதோ சொன்னார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “எங்க விதியும் உங்களுக்கு நல்லா உதவுதுங்கறாங்க, சார்.”

அவர் சொன்னது சரி. நான் அவனை மதித்து வாயை மூடிக்கொள்ளவில்லை. நானூறு பேர் முன்னால் அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. கைக்கெட்டிய விதியை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். அதற்குக் கைதட்டல் வாங்கினேன். இதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. உன்னைத் தவிர எனக்கு ஆளில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். தூங்கினேன். காலையில் அலுவலகம் போனேன்.

அண்ணன்

*

ஜூலை 9

அண்ணா,

எல்லோரும் இருக்கிறோம். கால் வீக்கம் அப்படியேதான்.

நீங்கள் எழுதிய பிறகு நான் எழுதாமல் இருப்பது முறையில்லை. அந்த நாற்பது விநாடி:

“அக்காவுக்கு எங்க பேச்சு முழுசாத் தெரியும். மேசைக்குக் கீழே என் உள்ளங்கையில விரலால பேசுவா. யார் என்ன சொன்னாங்க, எதுக்குச் சிரிக்கறாங்க, எல்லாம் சொல்லுவா. மேசைக்கு மேலே, அண்ணன் முன்னாடி, ஒரு தடவைகூடக் கையைத் தூக்கினதில்ல. அண்ணனுக்குத் தெரியாது, டீச்சர் சொன்னதை நம்பினார். அவளுக்குத் தெரியும். இது விளையாட்டில்ல, பேச்சுன்னு தெரியும். அண்ணனைப் பத்திச் சொல்லிட்டேன். அவளைப் பத்திச் சொல்ல இன்னும் எனக்குக் கை வரல.”

உங்களைக் காப்பாற்றத்தான் தாமதித்தேன் என்று எழுதினேன். பொய்.

விடுப்பு கிடைக்கவில்லை என்றதும் பொய். நான் கேட்கவே இல்லை. அந்த முதல் மூன்று வரிசைக்கும் என்னையும் தெரிந்திருக்கும், எனக்கும் அங்கே ஒரு சைகைப்பெயர் இருக்கும் என்று பயந்தேன்.

போன வாரம் எங்கள் பிரிவுக்குக் காது கேளாத பெரியவர் ஒருவர் வந்தார். முதல் முறை, பயந்துபோயிருந்தார். எவ்வளவு நேரம், வலிக்குமா என்று கையால் கேட்டுக்கொண்டே இருந்தார். கூட வந்த மகன் ஒரு நோட்டில் எழுதி எழுதிக் காட்டினார். பெரியவருக்கு எழுத்து அவ்வளவாகப் பிடிபடவில்லை. தலைமை நர்ஸ் சத்தமாகக் கேட்டார்: “யாருக்காவது இந்தச் சைகை பாஷை தெரியுமா?”

நான் பெரியவர் கையில் ஊசியைப் பொருத்தி, பிளாஸ்திரி ஒட்டி, அடுத்த படுக்கைக்குப் போனேன்.

நாளை அவருக்கு மறுபடி முறை. எனக்கும் அதே பிரிவில்தான் வேலை.

தங்கை